வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

உலோகவியல் இறுதியாண்டு படிக்கும் மகளை, சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள் என்று அமெரிக்காவில் கம்ப்யூட்டர் எம்.எஸ். படிக்க வைக்க, வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. இருப்பது ஒரே வீடு. அதைவிட முக்கியம், அவளுக்கு அந்தப் படிப்பில் நாட்டமே இல்லை. என்னைப் பார்க்க வந்தபோது, நுண்ணோக்கியில் எடுத்த எஃகுப் படங்களை செல்போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டி, இது தண்ணீரில் குளிர்ந்தது, இது எண்ணெயில் குளிர்ந்தது என்று படபடவெனச் சொன்னாள். அப்படிப்பட்ட பிள்ளையை ஏன் வேறு பக்கம் இழுக்கிறீர்கள்?

ஜப்பானில் சென்டாய் என்றொரு ஊர் இருக்கிறது. மியாகி மாகாணத் தலைநகரம், சுமார் 11 லட்சம் பேர். டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரம். தாதே மாசாமுனே என்ற சிற்றரசர் 1600-களின் தொடக்கத்தில் கோட்டை கட்டி உருவாக்கியது. 1907-இல் அங்கே தொடங்கிய தொஹோகு பல்கலைக்கழகம்தான் உங்கள் மகளுக்கான இடம்.

அங்கேதான் இயற்பியலாளர் ஹோண்டா கோதாரோ 1917-இல் கே.எஸ். எஃகு என்ற காந்த எஃகைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் அதைவிட வலுவான நிலைக்காந்தம் கிடையாது. அவர் வளர்த்த உலோக ஆய்வு நிறுவனம் இன்றும் அதே பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. தூர்தர்ஷன் காலத்தில் நம் மொட்டைமாடிகளில் நின்ற ஆன்டெனாகூட 1920-களில் அங்கே யாகி, உதா என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கியதுதான். 2024-இல் நானோதெராசு என்ற சிங்க்ரோட்ரான் ஒளி மையமும் அதன் வளாகத்திலேயே செயல்படத் தொடங்கிவிட்டது. பொருளின் உள்ளமைப்பை மிக நுண்ணிய அளவில் பார்க்கும் வசதி அது. பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்றும் தயங்குகிறீர்கள். ஜப்பானில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம் இதுதான், மூன்று பேரை, 1913-இல், கல்வி அமைச்சகம் ஏன் என்று கேட்ட பிறகும்.

வேலை? நகரத்துக்குள் பெரும்பாலும் கடைகளும் பெரிய கம்பெனிகளின் கிளை அலுவலகங்களும்தான். ஆலைகள் வெளியே இருக்கின்றன: தாய்வாவில் சிப் தயாரிப்பு இயந்திரங்கள் செய்யும் டோக்கியோ எலக்ட்ரான், ஓஹிராவில் டொயோட்டா. ஜப்பானிய மொழி இல்லாமல் இவற்றில் நுழைவது கடினம்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். நிலநடுக்கம் உண்டு. 2011 மார்ச் 11-இல் கடலோரப் பகுதியைச் சுனாமி விழுங்கியது, விமான நிலையமே மூழ்கியது. பொறியியல் வளாகம் இருப்பது அவோபா மலைமேல், சுனாமி எட்டாத இடம். ஆனாலும் அதிர்வுக்குப் பழகத்தான் வேண்டும். குளிர்காலத்தில் பனி பெய்யும். ஊரின் பிரபல உணவு மாட்டு நாக்கு. சைவம் என்றால் சூப்பில்கூட மீன் சாறு இருக்கும், அதனால் அவள் சமைக்கக் கற்றுக்கொள்ளட்டும். அரிசிக்குப் பஞ்சமில்லை, கொஞ்சம் ஒட்டும், அவ்வளவுதான்.

இனி பணம். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் படிப்புக் கட்டணம் இல்லை, விமான டிக்கெட் உண்டு, மாதம் சுமார் 1,43,000 யென் கையில் கிடைக்கும். போட்டி கடுமை. முதல் தடவை கிடைக்காவிட்டால் ஏதாவது வார்ப்பாலையில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கட்டும். தேசியப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான கட்டணமே ஆண்டுக்கு 5,35,800 யென், வெளிநாட்டு மாணவர்களுக்கு அதை உயர்த்தவும் இப்போது அனுமதி இருக்கிறது. ஆகவே கடன் வாங்கி ஜப்பானுக்கும் அனுப்பாதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இந்த உதவித்தொகைக்கு ஜப்பான் தூதரகம் வழியான விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல், மே வாக்கில் திறக்கும். அதற்குள் அவள் மூன்று பேராசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, தான் எதை ஆராய விரும்புகிறாள் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன். ஜப்பானிய வகுப்பில் இந்த மாதமே சேர்த்துவிடுங்கள். மொழித் தேர்வு சென்னையிலேயே ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது.