அம்மா "நானே குளிப்பேன்" என்று சொல்லிவிட்டார்

கேள்வி: பக்கவாதம் வந்த அம்மாவை சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில் நான்தான் கவனிக்கிறேன். பராமரிப்பு மானியத்துக்கான மதிப்பீட்டுக்கு வந்தவரிடம், "நானே குளிப்பேன், நானே உடுத்துவேன்" என்றார். மானியம் கிடைக்கவில்லை.

பதில்: இப்படி அடிக்கடி நடக்கிறது, கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. அம்மா பொய் சொல்லவில்லை, மானத்தைக் காத்துக்கொண்டார். வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கு, குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றுக்காவது எப்போதும் பிறர் உதவி தேவைப்பட வேண்டும். குடும்ப வருமான வரம்பும் உண்டு. வெந்நீர் கலப்பது நீங்கள், முதுகு தேய்ப்பது நீங்கள், வழுக்காமல் பிடித்துக்கொள்வதும் நீங்கள். பழகிப்போனதால் அது உதவியாகவே தோன்றுவதில்லை. ஒரு வாரம் எதற்கெல்லாம் கைகொடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு மறுமதிப்பீடு கேட்டு, மதிப்பீட்டாளரிடம் அம்மாவின் காதில் விழாமல் தனியே பேசுங்கள். 2019இல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கிய மானியம், 2023இல் 400 வரை உயர்ந்தது. 2026 ஏப்ரல் முதல் 600 வரை. விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவால் மாத்திரையை விழுங்க முடியவில்லை. பொடித்துக் கஞ்சியில் கலக்கலாமா?

பதில்: மருந்தாளரைக் கேட்காமல் வேண்டாம். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். விழுங்கும் சிரமத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மறதிநோயின் தொடக்கம். அவருடைய வங்கிக் கணக்கை நான் கவனிக்கலாமா?

பதில்: எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரத்தை இந்த மாதமே எழுதச் சொல்லுங்கள். தமக்காக முடிவெடுப்பவரை அப்பாவே தெரிவுசெய்வார். அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ, மனநல மருத்துவரோ, வழக்கறிஞரோ சான்றளிக்க வேண்டும். நோயின் பெயர் தெரிந்துவிட்டதாலேயே பத்திரம் எழுதும் தகுதி போய்விடாது. ஆனால் தெளிவு போனபின் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

கேள்வி: கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என் முழங்கால் அறுவை சிகிச்சையை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். அவரைச் சில வாரம் தாதிமை இல்லத்தில் சேர்த்தால் உறவினர்கள் என்ன சொல்வார்கள்?

பதில்: அக்கா, முழங்கால் மடங்காத நீங்கள் அவரை எப்படித் தூக்குவீர்கள்? பராமரிப்பாளர் ஓய்வெடுப்பதற்காகவே குறுகிய காலத் தங்கல் இருக்கிறது. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060இல் அழைத்து, டயாலிசிஸ் நாள்களில் போக்குவரத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பேசும் உறவினர்களிடம் வாரத்தில் ஒரு நாள் அவரை டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துச் செல்லக் கேளுங்கள், மனமுள்ளவர் வருவார். அறுவை சிகிச்சைக்கு நாளைக்கே தேதி வாங்குங்கள்.