ரூபி நிரல் மொழியில் எக்ஸ்டெண்ட் செய்தால் மட்டும் மாட்யூலின் மெத்தட் முந்துவது ஏன்?

கிளாஸிலும் (ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கும் அச்சு) மாட்யூலிலும் (வேறிடத்தில் சேர்த்துக்கொள்ளக்கூடிய மெத்தட்களின் தொகுப்பு) ஒரே பெயரில் மெத்தட் (பெயரிட்ட செயல்) இருந்தால், மாட்யூலை கிளாஸில் சேர்க்கும் இன்குளூட் செய்யும்போது கிளாஸ் ஜெயிக்கிறது, ஒரு ஆப்ஜெக்ட்டில் மட்டும் சேர்க்கும் எக்ஸ்டெண்ட் செய்யும்போது மாட்யூல் ஜெயிக்கிறது, ஏன் இந்த முரண் என்று கேட்டிருக்கிறீர்கள். முரண் எதுவும் இல்லை. வேலை ஒன்றுதான், அது நடக்கும் இடம்தான் வேறு.

ரூபி மெத்தட்டைத் தேடுவது கிளை பிரியாத ஒரே வரிசையில். இன்குளூட் செய்த மாட்யூல், கிளாஸுக்குப் பின்னால், தாய் கிளாஸுக்கு முன்னால் போய் நிற்கும். அதனால் கிளாஸின் சொந்த மெத்தட் முந்திக்கொள்கிறது. ஆனால் பெரும்பாலான ஆப்ஜெக்ட்டுகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய சிங்கிள்டன் கிளாஸ் ஒன்று அமையலாம். அதன் இடம் கிளாஸுக்கும் முன்னால். எக்ஸ்டெண்ட் என்பது அந்தச் சிங்கிள்டன் கிளாஸில் செய்யும் இன்குளூட், அவ்வளவுதான்.

அறிக்கை என்று ஒரு கிளாஸ், தாள் அதன் ஆப்ஜெக்ட். வண்ணம், சட்டகம் என்று இரண்டு மாட்யூல்கள். மூன்றிலும் அச்சிடு என்ற மெத்தட். (பெயர்கள் விளக்கத்துக்கு மட்டும். கிளாஸ், மாட்யூல் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது ரூபியின் விதி; தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது?) தாளை முதலில் வண்ணத்தாலும் அடுத்த வரியில் சட்டகத்தாலும் எக்ஸ்டெண்ட் செய்தால் வரிசை இப்படி அமையும்: தாளின் சிங்கிள்டன் கிளாஸ், சட்டகம், வண்ணம், அறிக்கை, பிறகு ரூபியோடே வரும் ஆப்ஜெக்ட் என்ற கிளாஸ், கெர்னல், பேசிக்ஆப்ஜெக்ட். கடைசியில் வந்தவர் முன்னால் நிற்கிறார். இரண்டையும் ஒரே வரியில், வண்ணம், சட்டகம் என்று கொடுத்தால் தலைகீழ்: வண்ணம் முன்னால் வந்துவிடும். சட்டகத்தின் அச்சிடு மெத்தட்டுக்குள் சூப்பர் (அதே பெயருள்ள அடுத்த மெத்தட்டை அழைக்கும் சொல்) என்று எழுதினால் அது தாய் கிளாஸுக்குத் தாவாது. வரிசையில் அடுத்து நிற்கும் வண்ணத்துக்குத்தான் போகும்.

கிளாஸுக்கே முன்னால் மாட்யூலை நிறுத்த, 2013-இல் வந்த ரூபி 2.0 முதல் ப்ரீபெண்ட் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு முழு மாலையை இதில் தொலைத்திருக்கிறேன். கிளாஸ் ஒரு மாட்யூலை ஏற்கெனவே இன்குளூட் செய்திருந்தது; அதே பெயரில் தன் சொந்த மெத்தட்டையும் வைத்திருந்தது. ஒரே ஒரு ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும் மாட்யூலின் மெத்தட் ஓடட்டும் என்று அதை எக்ஸ்டெண்ட் செய்தேன். பிழைச் செய்தி இல்லை, மாற்றமும் இல்லை. காரணம், இன்குளூட் செய்யும்போது அதே மாட்யூல் வரிசையில் பின்னால் எங்கேனும் இருந்தால், ரூபி அதை மறுபடி சேர்ப்பதில்லை. எக்ஸ்டெண்டும் இன்குளூட்தான் என்பதால் அதற்கும் இதே கதி. அந்தச் சமயத்தில் ஒரு எச்சரிக்கையாவது கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. சிங்கிள்டன் கிளாஸில் இன்குளூடுக்குப் பதில் ப்ரீபெண்ட் செய்ததும் சரியாகிவிட்டது; அது பின்னால் இருப்பவர்களைப் பார்ப்பதில்லை.

உங்கள் நிரலில் சந்தேகம் வந்தால், தேடும் வரிசையைக் காட்டும் ஆன்செஸ்டர்ஸ் பட்டியலைக் கிளாஸிடம் கேட்டுப் பார்க்காதீர்கள். எக்ஸ்டெண்ட் செய்தது அதில் தெரியாது. சிங்கிள்டன் கிளாஸின் ஆன்செஸ்டர்ஸைக் கேளுங்கள். அல்லது ஆப்ஜெக்ட்டிடம் மெத்தட்டை வாங்கி, அதன் ஓனர் யார் என்று கேளுங்கள். எந்தக் கிளாஸ் அல்லது மாட்யூல் பதில் சொல்கிறது என்று ஒரே வரியில் தெரிந்துவிடும்.