மெலனோமா மூளைக்குப் பரவிவிட்டால் என்னென்ன சிகிச்சை உண்டு?

மன்னார்குடிப் பக்கம் வயல் வேலை பார்க்கும் அப்பாவுக்கு உள்ளங்காலில் வந்த மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மூளைக்குப் பரவியிருக்கிறது, இனி என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வழி இருக்கிறது.

திருச்சிக்கோ சென்னைக்கோ கிளம்பும் முன் பயாப்ஸி செய்த லேபில், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது. பிராஃப் (BRAF) என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்ற சோதனை அந்தத் திசுவில்தான் நடக்கும். உள்ளங்கால் மெலனோமாவில் இந்த மாற்றம் குறைவு, ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும்.

தலைவலி, வலிப்பு இல்லாதவர்களுக்கு உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகளான இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே முதல் தேர்வு. ஆய்வில் பாதிப் பேருக்கு மேல் மூளைக் கட்டிகள் சுருங்கின. உள்ளங்கால் வகையில் பலன் சற்றுக் குறையலாம். மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுதான் இங்கே இடைஞ்சல். அதில் 4 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டில் சுமார் 25 மி.கி.க்குச் சமம், பிரெட்னிசோலோன் கணக்கில் தினம் 10 மி.கி.யைத் தாண்டினாலே இம்யூனோதெரபியின் வீரியம் மங்கக்கூடும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

3 செ.மீ.க்கு உட்பட்ட சில கட்டிகள் என்றால் குறிவைத்த கதிர்வீச்சு. பெரிதாகி அழுத்தினாலோ ரத்தம் கசிந்தாலோ அறுவை சிகிச்சை. பிராஃப் மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் மாத்திரைகள் வேகமாக வேலை செய்யும். ஆனால் மூளையில் அந்தப் பலன் பலருக்கு ஆறேழு மாதத்தில் தேய்ந்துவிடுகிறது.

இம்யூனோதெரபி ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியபின் வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக்கடை மாத்திரையோடு காத்திருக்க வேண்டாம். குடல் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே புற்றுநோய் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.