காபுகி அரங்கின் வயது

அன்புள்ள ஐயா,

டோக்கியோவில் காபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகம் நடக்கும் காபுகி-சா அரங்குக்குப் போனேன். முன்னால் பழங்காலக் கோயில் போன்ற முகப்பு, பின்னால் 29 மாடிக் கட்டடம். விசாரித்தால் எல்லாமே 2013இல் திறந்ததாம். ஏமாந்துவிட்டேன். அசலான பழைய அரங்கு எங்கே இருக்கிறது? மொழி தெரியாமல் நாடகம் புரியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களை யார் ஏமாற்றினார்கள்? 1889இல் கட்டிய முதல் காபுகி-சாவின் முகப்பு மேல்நாட்டுப் பாணியில் இருந்தது. அதைப் பார்த்திருந்தால் இன்னும் நொந்திருப்பீர்கள். ஜப்பானியத் தோற்றம் 1911இல்தான் வந்தது. 1921இல் மின்கசிவில் எரிந்தது. திரும்பக் கட்டும்போதே 1923 நிலநடுக்கம். 1945இல் குண்டுவீச்சு. இத்தனை அடிக்கும் பிறகு ஐந்தாவது முறையாக எழுந்து நிற்கிறது. பின்னால் ஒரு கோபுரத்தைக் கட்டிப் பிழைத்துக்கொள்வதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? மொழிக்கென்ன, கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

பழையதுதான் வேண்டுமென்றால் ஷிகோக்கு தீவில் கோதோஹிரா இருக்கிறது. அங்குள்ள கனமரு-சா 1835இல் கட்டியது. கொன்பிரா கோயிலுக்கு வரும் யாத்ரீகர் கூட்டத்தை நம்பி எழுந்த அரங்கு. பிற்காலத்தில் சினிமாக் கொட்டகையாகி, பிறகு பாழடைந்தது. அதையும் பிரித்தெடுத்து வேறிடத்தில் நிறுத்தி 1976இல் வேலையை முடித்தார்கள். இதைக் கேட்டதும் உங்கள் முகம் சுருங்குவது எனக்குத் தெரிகிறது. சுருங்கட்டும்.

நாடகம் இல்லாத ஒரு நாளில் அதன் மேடைக்கு அடியில் இறங்கியிருக்கிறேன். மேடையின் நடுவட்டம் சுழலும், மோட்டார் கிடையாது. கீழே மரக்கட்டைகளைப் பிடித்து ஆட்கள் தள்ளவேண்டும். அவர்கள் கால் உதைத்துக்கொள்ளத் தரையில் கற்களைப் பதித்திருக்கிறார்கள். நான் அந்தக் கட்டையில் கைவைத்து, ஒரு கல்லில் காலை ஊன்றிக் குனிந்து நின்றேன். சற்று நேரத்திலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலே ஒரு அரண்மனை திரும்பி இன்னொரு காட்சி வர, கீழே இருட்டில் இப்படி நாலைந்து பேர் மூச்சிரைக்கவேண்டும். கைதட்டல் அவர்கள் காதில் விழும், நடிகர் முகம் தெரியாது. மரத்தின் வயதை எல்லோரும் கேட்கிறீர்கள். தள்ளுகிறவன் யார் என்று ஒருவராவது கேட்டதுண்டா? 1976க்குப் பிறகு அந்த அரங்கு சுத்தமாக, அழகாக, சும்மா நின்றது. 1985இல் இரண்டாம் நாகமுரா கிச்சிஎமோன் போன்ற நடிகர்கள் வந்து ஆடியபோதுதான் அந்தக் கற்களில் மறுபடி கால்கள் ஊன்றின. இன்றும் ஊர்க்காரர்களே இறங்கித் தள்ளுகிறார்கள். கோவிட் காலத்தில் நின்றுபோன ஏப்ரல் நாடகங்கள் 2024இல் திரும்ப வந்துவிட்டன.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு தூரம் போய் அரங்கைத் தேடிப் பிடித்தவர் நீங்கள், அதனால்தான் இத்தனை பேசுகிறேன். அடுத்த ஏப்ரலுக்கு டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டம் கட்டமாகத் தடுத்த இடத்தில் தரையில் உட்காரவேண்டும். முழங்கால் வலி இருந்தால் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.