எதுவும் நிலையில்லாத உலகில் இறைவனிடம் உண்மையாக இருப்பது எப்படி?

பொருளும் உறவும் உடலும் ஒருநாள் போய்விடும் என்று அறிந்த பின்னும், அவை உண்மையிலேயே போகும்போது இறைவன்மீதுள்ள பற்று ஏன் ஆட்டம் காண்கிறது, அதைக் காத்துக்கொள்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருமுறை முற்றிலும் தளர்ந்துபோய், பிறகு மெல்ல எழுந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் தந்தை நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்த 11 இரவுகளும் நான் விடாமல் வேண்டிக்கொண்டிருந்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால் அதற்குப் பேரம் என்ற பெயரே பொருந்தும். அவரைப் பிழைக்க வைத்தால் இதைச் செய்கிறேன், அதை விட்டுவிடுகிறேன் என்று இரவுக்கு இரவு விலையை ஏற்றிக்கொண்டே போனேன். அவர் இறந்த பிறகு ஏழு மாதங்கள் என்னால் கைகூப்ப முடியவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத ஒருவரிடம் பேசுவதற்கு இனி என்ன இருக்கிறது என்ற வெறுமையே மனம் முழுவதும் நிறைந்திருந்தது.

அம்மா அப்படி இருக்கவில்லை. உறவினர்கள் எல்லோரும் கிளம்பிச் சென்ற மறுநாள் விடியற்காலையில், இருவரும் சேர்ந்து வழிபடும் அதே மூலையில், அப்பா உட்காரும் இடத்தைக் காலியாக விட்டு, தம் இடத்தில் அமர்ந்தார். உதடுகள் அசையவில்லை. மடியில் மல்லாந்து கிடந்த தம் இரு கைகளையும் பார்த்தபடியே அரைமணி நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தார். “என்னம்மா வேண்டிக்கிட்டீங்க?” என்று கேட்டேன். “ஒண்ணும் வேண்டலப்பா. வந்திருக்கேன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்” என்றார்.

அந்த ஒரு சொல்லை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. இறைவனை நம்புவதாக நினைத்துக்கொண்டு, என் மனிதர்களுக்கும் என் உடைமைகளுக்கும் அவரைக் காவலாக நிறுத்தி வைத்திருந்தேன். காவல் தவறியது என்று தோன்றியதும் அவரை விலக்கிவிட்டேன். நிலையில்லாதவற்றை நிலைக்கச் செய்வதுதான் இறைவனின் வேலை என்று எண்ணுகிறவரைக்கும் ஒவ்வோர் இழப்பும் அவர்மீது ஒரு குற்றச்சாட்டாகவே வந்து நிற்கும்.

திருக்குறளில் நிலையாமை 34ஆம் அதிகாரம். அதை அடுத்துத் துறவு வருகிறது. எல்லாவற்றையும் விடச் சொல்லிக்கொண்டே வரும் அந்தத் துறவு அதிகாரம், தன் கடைசிக் குறளில், பற்றற்றவனின் பற்றைப் பற்றிக்கொள்ளச் சொல்லி முடிகிறது. வெறுங்கையோடு யாராலும் விட முடியாது, பிடிப்பதற்கு ஒன்று இருந்தால்தான் மற்றவற்றிலிருந்து கை தளரும் என்ற மனித இயல்பை அறிந்து சொன்னதாகவே எனக்கு அது படுகிறது. அம்மாவிடம் அந்தப் பிடிப்பு இருந்தது.

இறைவனிடம் உண்மையாக இருப்பது என்றால் அழாமல், கேள்வி கேட்காமல் இருப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. விவிலியத்தில் யோபு மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் ஏழு நாள் அவரோடு பேசாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு 3ஆம் அதிகாரத்தில் அவர் தாம் பிறந்த நாளையே சபிக்கத் தொடங்குகிறார். இறைவனின் மறுமொழியோ 38ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அத்தனை நீண்ட இடைவெளியிலும் யோபு முறையிடுகிறார், வழக்காடுகிறார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இறுதியில் இறைவன் குறை காண்பது, தமக்காகப் பரிந்து யோபுவிடம் விளக்கம் சொன்ன நண்பர்களிடம்தான். நான் அந்த ஏழு மாதங்களும் வாய்திறக்காமல் இருந்ததைவிட, உட்கார்ந்து சண்டையாவது போட்டிருக்கலாம் என்று இப்போது வருந்துகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் தாமதமாக விளங்கியது இது. செல்வம், இளமை, யாக்கை என்று நிலையில்லாதவற்றை எண்ணும்போது நம்முடைய பக்தியின் உருக்கத்தை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவும் நிலையில்லாததுதான். ஒருநாள் கண்ணீர் பெருகும். அடுத்த பத்து நாள் மனம் மரக்கட்டையாகக் கிடக்கும். அந்த வறட்சியைக் கண்டு, நம்பிக்கையே போய்விட்டது என்று பயந்து விலகியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உருக்கம் இருக்கும்போது வழிபடுவது எளிது. அது வற்றிய நாளிலும் அதே நேரத்தில் அதே இடத்தில் போய் உட்காருவதையே நான் உண்மையாயிருப்பது என்று புரிந்துகொண்டிருக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். நேரம் சிறியதாக இருக்கட்டும், பத்து நிமிடம்கூடப் போதும். கேட்பதற்கு எதுவும் இல்லாத நாளில் கேட்காமலே இருங்கள்.

போய்விடப்போகிற மனிதர்கள்மீது இத்தனை அன்பு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வையுங்கள். என்றென்றைக்கும் என்னுடனே இரு என்ற சுமையை அவர்கள்மீது ஏற்றாதபோது, கையில் இருக்கும் நாளை முழுமையாக அவர்களுக்குக் கொடுக்க முடிகிறது.

அம்மாவால் இப்போது தரையில் உட்கார முடிவதில்லை. அந்த மூலையில் நாற்காலி போட்டிருக்கிறோம். அப்பாவின் இடத்தில் நான் உட்காருகிறேன். அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த வழிபாட்டு வரிகள் அவருக்கு நடுநடுவே மறந்துபோகின்றன. நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். நான் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பேன். அவர் அங்கிருந்து தொடர்வார்.