போன வருடம் ஊசி போட்டோமே, அப்புறம் ஏன் ஃப்ளூ?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. போன வருடம் கார்த்திகையில் ஃப்ளூ ஊசி போட்டோம். இப்போது இரண்டு நாளாக ஜுரம், இருமல். மூக்கில் ஸ்வாப் எடுத்ததில் 'இன்ஃப்ளூயன்ஸா ஏ, எச்3என்2' என்று வந்திருக்கிறது. ஊசி வேலை செய்யவில்லையா? அந்த எச்சும் என்னும் என்ன? – வாசகி, தண்டையார்பேட்டை.

பதில்: முதலில் ஒன்று. இரண்டு நாள்தான் ஆகிறது என்றால் இதைப் படித்து முடித்த கையோடு அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள், காரணம் கீழே வருகிறது.

எச் என்பது ஹீமாக்ளூட்டினின். வாயில் நுழையாத பெயர்தான். சோதனைக் குழாயில் ரத்த சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக்கும் என்பதால் வந்தது. வைரஸின் மேல்தோல் முழுக்க முள்முள்ளாக நிற்கும் புரதம் இது. வெயில் காலத்தில் நம் தெருவில் நுங்கு சீவிக் கொடுப்பார்களே, மேலே மூன்று கண் தெரியும். இதுவும் அப்படித்தான்: ஒரே மாதிரி மூன்று துண்டுகள் பின்னிக்கொண்டு நிற்கின்றன, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சின்னக் குழி. நம் மூக்கு, தொண்டைச் செல்களின் மேல் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை இருக்கிறது (அம்மாவின் ரத்தச் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்படாதீர்கள்), அதை அந்தக் குழி பிடித்துக்கொள்ளும். செல்லும் ஏதோ தன் சரக்கு என்று நினைத்து ஒரு பைக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தப் பைக்குள் புளிப்பு ஏற ஏற ஹீமாக்ளூட்டினினின் தண்டு ஸ்பிரிங் மாதிரி விரிந்து, உள்ளே மறைத்து வைத்திருந்த முனையைப் பையின் சுவரில் குத்தி இரண்டு தோலையும் ஒன்றாக்கிவிடும், அந்த வழியே வைரஸின் மரபணு உள்ளே போய்விடும். இதில் எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது, இந்த ஸ்பிரிங் தயாராக வேண்டுமானால் புரதத்தை முன்கூட்டியே ஓரிடத்தில் வெட்டியிருக்க வேண்டும், அந்த வெட்டைச் செய்து கொடுப்பது நம் மூச்சுப்பாதையில் இருக்கும் நம்முடைய நொதியேதான்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். ஊசி நம் உடம்புக்குக் காட்டுவது பெரும்பாலும் இந்தப் புரதத்தின் தலையை. வைரஸோ குழியை அப்படியே வைத்துக்கொண்டு அதைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்கும். எச்3 இதில் ரொம்பக் கெட்டிக்காரன், 1968-இல் ஹாங்காங் ஃப்ளூவாக மனிதர்களிடம் வந்ததிலிருந்து இன்றுவரை வேஷம் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறான். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் எந்த ரகம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தண்டு அவ்வளவாக மாறுவதில்லை. அதைக் குறிவைத்து ஊசி செய்யும் ஆராய்ச்சி நடக்கிறது. அம்மாவுக்குப் போட்டது பழைய ஊசி, அதன் பலமும் மாதம் ஆக ஆகக் குறைந்திருக்கும். அடுத்த முறை கார்த்திகை வரை காத்திருக்காமல் ஆவணியிலேயே போடுங்கள், நம் ஊரில் ஐப்பசி மழையோடுதான் ஃப்ளூ ஏறும், ஊசி பிடிக்க இரண்டு வாரமாவது ஆகும்.

என் என்பது நியூராமினிடேஸ், கத்தரிக்கோல் வேலை. செல்லிலிருந்து வெளியே வரும் புது வைரஸ்கள் அதே சயாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடாமல் வெட்டி விடுவது இதுதான். ஃப்ளூவுக்கென்றே கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரை அந்தக் கத்தரியின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். வைரஸ் நிறையப் பரவுவதற்குள், அதாவது முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம். அதற்காகத்தான் உடனே போகச் சொன்னேன். அம்மாவின் வயதுக்கும் சர்க்கரைக்கும், நேரம் கடந்துவிட்டாலும் டாக்டர் கொடுக்கக்கூடும். கிட்னி ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள், அளவை அதைப் பார்த்துத்தான் எழுதுவார். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் மட்டும் வாங்காதீர்கள், அதற்கு எச்சும் தெரியாது என்னும் தெரியாது.

ஜுரத்தில் சர்க்கரை ஏறும், அடிக்கடி பாருங்கள். சாப்பாடு இறங்காமல் வாந்தி எடுத்தால் சர்க்கரை மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போனாலோ இரவு என்று பார்க்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.