காசநோய் உள்ளவருக்கு இரும்பு மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு நுரையீரல் காசநோய். மருந்து தொடங்கி 3 வாரம் ஆகிறது. ஹீமோகுளோபின் 9தான் இருக்கிறது. வீட்டில் உள்ள இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுக்கலாம் என்றால், "அந்தக் கிருமியே இரும்பைத் தின்றுதான் வளரும்" என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். என்ன செய்வது? சாப்பாட்டிலும் இரும்பைக் குறைக்க வேண்டுமா?

பதில்: மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சாப்பாட்டில் எதையும் குறைக்காதீர்கள். உறவினர் சொன்னது கட்டுக்கதை இல்லை. ஆனால் அதை வைத்து அண்ணனைப் பட்டினி போடவும் கூடாது.

காசநோய்க் கிருமி குடியிருப்பது மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லுக்குள். கிருமிகளை விழுங்கிச் செரிப்பதுதான் அந்தச் செல்லின் வேலை. இந்தக் கிருமியோ, தன்னை விழுங்கிய பை செரிக்கும் நிலைக்கு முதிராமல் தடுத்துவிடுகிறது. அதில் கிருமிக்கு இன்னொரு லாபமும் உண்டு. ரத்தத்தில் இரும்பைச் சுமந்து வரும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம், செல்லுக்குள் நுழைந்ததும் போய்வரும் பாதையோடு அந்த முதிராத பை தொடர்பில் இருக்கிறது. இரும்பு வரும் வழியிலேயே உட்கார்ந்துகொள்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் உடலில் இரும்பு தனியாகச் சிந்திக் கிடப்பதில்லை. ஏதாவது ஒரு புரதம் பிடித்து வைத்திருக்கும். அதைப் பறிக்கக் கிருமி இரண்டு தூண்டில்களைத் தயாரிக்கிறது. மைக்கோபாக்டின் கொழுப்பில் கரையும். பெரும்பாலும் கிருமியின் உறையிலேயே இருக்கும். அதன் தம்பி மாதிரியான கார்பாக்ஸிமைக்கோபாக்டின் நீரில் கரையும். வெளியே போய் இரும்பைப் பற்றிக்கொண்டு திரும்பும். (மைக்கோபாக்டினின் கதை பழையது. மாடுகளைத் தாக்கும் ஜோனி நோய்க் கிருமி ஆய்வகத்தில் வளர மறுத்தது. காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு கிருமிகளின் சாறு கலந்தால் வளர்கிறது என்று 1912-இல் ட்வார்ட்டும் இங்க்ராமும் கண்டார்கள். அந்தச் சாற்றில் இருந்தது மைக்கோபாக்டின்தான்.)

உடலும் சும்மா இருப்பதில்லை. கிருமி இருக்கும் பையிலிருந்து இரும்பை வெளியேற்ற ஒரு பம்ப் புரதம் உண்டு. கார்பாக்ஸிமைக்கோபாக்டினையே பிடித்து முடக்க சைடரோகாலின் என்ற புரதமும் உண்டு. அப்புறம், அழற்சி வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. குடலிலிருந்து ரத்தத்துக்கும், மேக்ரோஃபேஜிலிருந்து வெளியேயும் இரும்பு போகும் வாசலை அது மூடிவிடும். ரத்தத்தில் திரியும் கிருமிகளுக்கு எதிராக இது நல்ல உத்தி. காசநோயில் சிக்கல் இதில்தான்: பூட்டி வைத்த இரும்பு, கிருமி குடியிருக்கும் அதே செல்லுக்குள் சேர்கிறது; எலும்பு மஜ்ஜைக்கோ புது ரத்த அணு செய்ய இரும்பு கிடைப்பதில்லை.

உங்கள் அண்ணனின் ரத்தசோகைக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். இரும்பு இல்லாமல் இல்லை, மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் மாத்திரை கொடுத்தால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. வயிற்று உபாதைதான் மிஞ்சும். காசநோய் மருந்து வேலை செய்து அழற்சி தணியத் தணிய, ஹீமோகுளோபின் பலருக்குத் தானாகவே ஏறுகிறது. மருந்தை ஒரு நாளும் விடாமல் பார்த்துக்கொள்வதே இங்கே இரும்புச் சிகிச்சையும்.

சிலருக்கு உண்மையான இரும்புக் குறைபாடும் கூடவே இருக்கும்: மூலத்திலோ வயிற்றுப் புண்ணிலோ ரத்தம் போகிறவர்கள், அதிக மாதவிடாய்ப் போக்கு உள்ளவர்கள், கர்ப்பிணிகள். அவர்களுக்கு மருத்துவர் இரும்பு எழுதினால் தயங்காமல் சாப்பிட வேண்டும். உடலில் சேமித்து வைத்த இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை உதவும், ஆனால் அழற்சியில் அது ஏறிக் காட்டும். அளவு குறைவாக வந்தால் குறைபாடு உறுதி. சாதாரணமாக வந்தால் குறைபாடே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

சாப்பாட்டு இரும்பைப் பற்றிக் கவலை வேண்டாம். உடல் தேறப் புரதமும் கலோரியும் நிறைய வேண்டிய நேரம் இது. நல்ல உணவில் இரும்பும் சேர்ந்தேதான் வரும்.

மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால், அண்ணனின் மருந்துகளில் லெவோஃப்ளாக்ஸசினோ மாக்ஸிஃப்ளாக்ஸசினோ இருக்கிறதா என்று கேளுங்கள். இரும்பு அவற்றோடு ஒட்டிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்துவிடும். இரண்டையும் சில மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். மூச்சுவாங்கல், நெஞ்சுப் படபடப்பு, இருமலில் ரத்தம், கறுப்பாக மலம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை தேதிவரை காத்திருக்காதீர்கள்.